தேரும் தெருவும்

கொங்கு நாட்டார் திருவிழாவை 'நோம்பி' என்று வழங்குவர். பொங்கலும் அவர்க்கு நோம்பி. மாரியம்மன் விழாவும் நோம்பி. தேரோடும் நாள் 'தேர் நோம்பி'. கற்றவர் சிலர் இச்சொல்லைக் கொச்சை என்று ஒதுக்குவதுண்டு. அது கொச்சை அன்று. 'நோன்பு' என்னும் பழந்தமிழ்ச் சொல்லே மக்கள் நாவில் நோம்பி என நின்றது. நோன்றல் என்பதற்குப் பொறுத்தல், தாங்குதல் என்பன பொருள். காப்புக் கட்டி, புலால் நீக்கி, நாள்களை எண்ணிக் காத்திருந்த மக்கள், அக்காத்திருப்பின் முடிவில் வரும் மகிழ்ச்சிக்கும் அந்தப் பெயரையே இட்டனர். ஆடிப் பாடுதலும் பொறுத்துத் தாங்குதலும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இத்தகைய நோம்பிக்குப் பள்ளிப் பிள்ளையை அனுப்பலாமா, கூடாதா என்னும் வழக்கு இந்நாளில் பல வீடுகளில் நடைபெறுகின்றது. "படிக்கின்ற பிள்ளைக்குத் திருவிழா எதற்கு?" என்று கேட்பவர் கல்வியின்மேல் பற்றில்லாதவர் அல்லர், பற்று மிக்கவரே அவ்வாறு கேட்கின்றனர். கூட்டத்தில் பிள்ளை காணாமற் போகலாம். கையிலுள்ள காசு கரையலாம். தீய நட்பு வந்து ஒட்டலாம். இரண்டு நாள் படிப்புக் கெடலாம். இவ்வச்சங்களுள் ஒன்றேனும் பொய் என்று தள்ள இயலாது. ஆயினும் அஞ்சி வீட்டிலேயே இருத்தப்பெற்ற பிள்ளை இழப்பது யாது என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும். இழப்பைக் கணக்கிடும்போது ஒரு பக்கத்தை மட்டும் எழுதிக் கூட்டுபவர் நல்ல கணக்கர் ஆகார்.

பல்லடத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருந்தான். கோயம்புத்தூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் பல்லடம். விசைத்தறிகளின் ஓசை அவ்வூரில் இரவும் பகலும் கேட்கும். சுற்றுப்புறத்துத் தோட்டங்களில் கறிக்கோழிப் பண்ணைகள் நீண்டு கிடக்கும். அம்மாணவனின் தந்தை தறிக்கூடம் ஒன்றில் வேலை செய்தார்; தாய் திருப்பூரில் பின்னலாடை தைக்கும் நிறுவனத்திற்கு நாள்தோறும் பேருந்தில் சென்று வந்தார். தாயைப் பெற்ற அம்மாயி அவிநாசியில் வாழ்ந்தார். அவ்வாண்டுச் சித்திரையில் அவிநாசித் தேர் ஒரு சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையுமாக அமைந்தது. திங்கட்கிழமையோ அவனுக்குக் கணக்குத் தேர்வு.

"இந்த ஆண்டு வேண்டாம்" என்றார் தந்தை. மகன் ஒன்றும் சொல்லாமல் நின்றான். தாய் இருவரையும் பார்த்துவிட்டு, "போய்வரட்டுங்க, கணக்குப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போகட்டும்" என்றார். தந்தை உடன்பட்டார். ஆனால் ஞாயிறு மாலை விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்று எல்லை வகுத்தார். தாய் தம் கைப்பேசியை மகனிடம் கொடுத்து, "நான் வர இயலாது. தேரைப் படம் பிடித்துக்கொண்டு வா, நான் பார்க்கிறேன்" என்று சொல்லி அனுப்பினார். மறுத்தல் எளிது, விட்டுவிடுதலும் எளிது. இந்தப் பெற்றோர் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டனர்.

அவிநாசி பழம்பெரும் ஊர். தேவாரப் பாடல் பெற்ற கொங்கு நாட்டுத் திருத்தலங்கள் ஏழு. அவ்வேழனுள் அவிநாசியும் ஒன்று. திருப்புக்கொளியூர் என்பது அதன் பழைய பெயர். அங்குள்ள அவிநாசியப்பர் கோயிலின் தேர், தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்களுள் ஒன்றாக எண்ணப்படுவது. அதன் ஓட்டம் ஒரே நாளில் முடிவதில்லை. முதல் நாள் நிலையினின்று புறப்பட்டு, வீதியின் ஓரிடத்தில் நிறுத்தப்பெற்று, மறுநாள் மீண்டும் வடம் பிடிக்கப்பெற்று நிலையை அடையும். அதனாற்றான் அம்மாணவனுக்கு இரண்டு நாள் வாய்த்தது. அந்த இரண்டு நாளும் ஒன்றுபோல் அமையவில்லை என்பது பின்னர் விளங்கும்.

சனிக்கிழமைக் காலையில் அவன் திருப்பூர் வழியாகப் பேருந்தில் சென்று இறங்கியபோது ஊரின் தெருக்கள் அவன் அறிந்த தெருக்களாக இல்லை. முந்தின வாரம் வரையில் சரக்குந்துகளும் பேருந்துகளும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடிய இடத்தில் மக்கள் நடந்தனர். தெருவின் நடுவில் குழந்தை நின்று பலூனைப் பார்த்தது. அதனை ஒருவரும் அதட்டவில்லை. இருமருங்கும் தேர்க்கடைகள். ஒருபுறம் பொரியும் கடலையும் பேரீச்சம்பழமும் குன்றுகளாகக் குவிந்திருந்தன. மறுபுறம் வளையலும் மணியும் மரப்பாச்சியும். கரும்பு பிழியும் பொறியின் மணி ஓயாமல் ஒலித்தது. சற்று அப்பால் இராட்டினம் சுழன்றது. நீர்மோர்ப் பந்தல்களில் மோர் ஊற்றுபவர், கை நீட்டியவர் இன்னார் என்று பாராமல் ஊற்றிக்கொண்டிருந்தார். வெயிலின் கடுமைக்கு அந்த மோர் அமிழ்தமாக இருந்தது.

அவன் கைப்பேசியை எடுத்தான். பொரிக்கடையைப் படம் பிடித்தான், இராட்டினத்தைப் பிடித்தான், தேர்ச்சீலைகளும் தொம்பைகளும் காற்றில் அசைய, மரச்சிற்பங்கள் நிறைந்த அடித்தட்டின்மேல் மலைபோல் உயர்ந்து நின்ற தேரைப் பல முறை பிடித்தான். வடம் பிடிக்க மக்கள் திரண்டபோது, அவன் ஒரு திண்ணையின்மேல் ஏறி நின்றான். அங்கிருந்து பார்த்தால் படம் நன்றாக விழும். வாத்தியம் முழங்கிற்று, ஆயிரம் குரல்கள் ஒன்றாக எழுந்தன, சக்கரம் அசைந்தது. அவன் கையை உயர்த்திய வண்ணமே நின்றான். தேர் நகர்ந்த அந்த நொடியை அவனுடைய கண் பார்க்கவில்லை. அவன் கையிலிருந்த சிறு கண்ணாடி பார்த்தது.

இரவு உணவுக்குப் பின் அம்மாயிக்கு அருகில் அமர்ந்து படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினான். மூதாட்டியார் ஆவலுடன் பார்த்தார். கடைகளை அடையாளம் சொன்னார். தேர் நகரும் காட்சி வந்தபோது கைகூப்பினார். எல்லாம் முடிந்த பின், "நன்றாக இருக்கிறது. இந்தப் படத்தில் நீ எங்கே, கண்ணு?" என்று கேட்டார்.

அவன், "நான்தானே அம்மாயி, படம் பிடித்தேன்" என்றான்.

"அப்படியென்றால் வடம் பிடிக்கவில்லையா?"

இக்கேள்விக்கு அவனிடம் விடை இல்லை. இக்காலத்தில் பலரிடமும் இல்லை. திருவிழாவுக்குச் சென்று திருவிழாவில் இல்லாமல் திரும்புவது இன்று பெருவழக்காகி வருகின்றது. இதற்குக் கைப்பேசி ஒன்றே காரணம் என்று பழிப்பது முறையன்று. வர இயலாத தாய்க்குக் காட்சியைக் கொண்டுசெல்வதும் அன்பின் பாற்பட்டதே. ஆனால் பார்ப்பது வேறு, பங்கு கொள்வது வேறு. காண்போர் பெருகி, கலந்துகொள்வோர் குறையக் குறையத் திருவிழா காட்சியாகத் தேய்ந்து போகும்.

கடல் கடந்த நாடுகளிலும் இம்மாற்றம் நிகழ்ந்ததுண்டு. பிரேசில் நாட்டின் ரியோ டி சனேரோ நகரத்துக் களியாட்ட விழா உலகறிந்தது. கிறித்தவர்தம் தவக்காலத்திற்கு முன்னுள்ள நாள்களில் அந்நகர மக்கள் தெருக்களில் ஆடியும் பாடியும் மகிழ்வர். அவ்விழாவின் பேரணிகளுக்கென்று 1984-ஆம் ஆண்டில், ஆஸ்கார் நீமேயர் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி, இருபுறமும் படிவரிசை இருக்கைகள் கொண்ட அரங்கு ஒன்று எழுப்பப்பெற்றது. அன்று முதல் நுழைவுச்சீட்டுப் பெற்றோர் அமர்ந்து காண, பயின்ற குழுவினர் நடுவே ஆடிச் செல்கின்றனர். காட்சியின் பொலிவுக்குக் குறைவில்லை. எனினும் அந்நகரத்து எளிய மக்கள் தம் தெருக்களைக் கைவிடவில்லை. இன்றும் தெருத்தோறும் கூட்டங் கூட்டமாகத் திரண்டு, சீட்டும் இருக்கையும் இன்றி, தாமே ஆடுகின்றனர். அரங்கினுள் அமர்ந்தவனைவிடத் தெருவில் ஆடுபவனே விழாவுக்கு நெருங்கியவன் என்பதில் ஐயமில்லை.

நம் நாட்டுத் தேரின் அமைப்பே மக்களைப் பார்வையாளராக விட்டுவைப்பதில்லை. தேர் தானாக ஓடாது. குதிரை பூட்டி ஓடுவதும் அன்று. மரக்குதிரைகள் அழகுக்கு முன்னே பாய்ந்து நிற்குமேயன்றி இழுக்கமாட்டா. இழுப்பது மக்களின் கை. ஒருவன் எத்துணை வலியனாயினும் தனித்து நின்று ஒரு விரற்கடை தூரமும் அதனை நகர்த்த இயலாது; ஆயிரவர் பிடித்தாலும் ஒரே நொடியில் இழுத்தாலன்றி அசையாது. வலிமையை ஒருசேரக் குவிக்கும் இப்பயிற்சியை எந்தப் பாடநூல் தரும்? 'ஊர் கூடித் தேர் இழுத்தல்' என்னும் வழக்கு வெறும் உவமையாகப் பேச்சில் வழங்குகிறது. அஃது உவமையாவதற்கு முன் ஊரார் கண்ட உண்மையாக இருந்தது.

இனி, அந்தத் தேரைச் சுற்றி நிகழும் தொழிலுள் மக்கள் பெரிதும் நோக்காத ஒன்று உண்டு. வடத்தைப் பிடித்தவர் முன்னே பார்த்து இழுக்கின்றனர். வீதியில் நிற்பவர் மேலே பார்த்துத் தொழுகின்றனர். சக்கரத்தின் அருகே, யாரும் பாராத இடத்தில், குனிந்த வண்ணம் சிலர் நடப்பர். அவர் கையில் வயிரம் பாய்ந்த மரத்தால் ஆப்புப்போல் செதுக்கிய கட்டை இருக்கும். அதுவே முட்டுக்கட்டை. தேர் வீதியின் ஓரத்தை நோக்கிச் சாய்ந்து சென்றால், ஒரு பக்கத்துச் சக்கரத்தின்முன் அதனைச் சரித்து வைப்பர். அந்தச் சக்கரம் தடையுண்டு திரும்பும். தேர் நடுவீதிக்கு வரும். மூலை திரும்புவதும் இவ்வாறே. நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்துவதும் இக்கட்டையே. கட்டையை வைப்பவன் வைத்த கணத்தில் கையை வாங்க வேண்டும். ஒரு நொடி பிந்தினால் கை போகும். முந்தினால் கட்டை வழுகும். பின்புறத்தில் நீண்ட மரங்களைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து நெம்புவோர் ஒருபுறம், முன்னே கட்டை இடுவோர் ஒருபுறம் எனத் தேரின் பாதுகாப்பு முழுவதும் இந்தச் சிலரின் கையில் அடங்கியுள்ளது.

தமிழில் 'முட்டுக்கட்டை போடுதல்' என்றால் நற்செயலுக்குத் தடை செய்தல் என்று பொருள் கொள்ளப்படுகின்றது. சொல்லின் வாழ்வில் நேர்ந்த அநீதிகளுள் இஃதும் ஒன்று. தேரை அறிந்தவர் இதனை வசையாக வழங்கத் துணியார். தடையில்லாத தேர் எத்தகையது என்பதற்குப் பிறமொழி ஒன்றில் சான்று உண்டு. ஒடிசா மாநிலத்துப் பூரி நகரில் சகந்நாதர் தேரைக் கண்டும் கேட்டும் வியந்த ஆங்கிலேயர், எதிர்ப்பட்டவற்றையெல்லாம் நசுக்கிச் செல்லும் பெருஞ்சக்திக்குச் சகந்நாதர் பெயரையே தம் மொழியில் சொல்லாக்கி வழங்கினர். அவர்கள் பார்த்தது ஓடுகின்ற தேரை. அதனை நிறுத்துகின்ற கையைப் பார்த்திருந்தால் வேறொரு சொல்லையும் உண்டாக்கியிருப்பர்.

ஊர் கூடித் தேர் இழுத்தல் என்று பெருமையோடு சொல்லும்போது, அந்த 'ஊர்' என்பது யார் என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவைப் பள்ளி மாணவர் கேட்டறிதல் நன்று, மறைத்தல் நன்றன்று. வடத்தைத் தொடவும் கோயில் வாயிலுக்குள் நுழையவும் ஒரு சாராருக்கு உரிமை மறுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் ஒடுக்கப்பட்டோரை வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றார். 1947-இல் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் பிறந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்புச் சட்டம் தீண்டாமையை அடியோடு ஒழித்தது. சட்டம் இயற்றியதனால் எல்லாத் தேரும் எல்லார் கையாலும் உடனே ஓடிவிடவில்லை. சிவகங்கை மாவட்டத்தில் தேவகோட்டைக்கு அருகிலுள்ள கண்டதேவியில், வடம் பிடிக்கும் உரிமை பற்றிய பிணக்கினால் கோயில் தேர் பல்லாண்டுகள் ஓடாமல் நின்றது. உயர்நீதிமன்றம் தலையிட்ட பின்னர், காவலர் பெருந்தொகையினராகச் சூழ்ந்து நிற்க, 2024-ஆம் ஆண்டு சூன் 21-ஆம் நாள் அது மீண்டும் ஓடியது. மரமும் இரும்பும் குறைவற இருந்தும், வடமும் சக்கரமும் பழுதற இருந்தும், ஊர் குறைந்தமையால் தேர் நின்றது. இதைவிட வெளிப்படையான பாடம் ஒன்று வேண்டுமா?

விழாவின் மகிழ்ச்சி எவர் செவிக்கு எவ்வாறு கேட்கின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். அவிநாசிக்கே உரிய பழங்கதை ஒன்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் வைத்துள்ளார். சுந்தரர் அவ்வூர் வீதி வழியே வந்தார். ஒரு வீட்டில் மங்கல ஒலி. எதிர்வீட்டில் அழுகை ஒலி. காரணம் வினவினார். முன்னொரு காலத்தில் ஒத்த வயதினரான சிறுவர் இருவர் நீராடச் சென்றனர், ஒருவனை முதலை விழுங்கிற்று, மற்றவன் பிழைத்தான். பிழைத்தவனுக்குப் பூணூல் அணியும் விழா இன்று நடைபெறுகிறது. இழந்தவர் தம் மகனை எண்ணி அழுகின்றனர் என்று கூறினர். சுந்தரர் பதிகம் பாட, முதலை பிள்ளையை மீள உமிழ்ந்தது என்பது வரலாறு. அற்புதத்தை நம்புவோர் நம்புக. அற்புதத்திற்கு முன்னே நிகழ்ந்த செயல் எல்லார்க்கும் உரியது: ஒரே தெருவில் எழுந்த இரண்டு ஒலிகளையும் ஒருவர் கேட்டார், கேட்டு நின்றார், ஏன் என்று வினவினார்.

இன்றைய விழாத் தெருக்களில் எதிர்வீட்டு ஒலியைக் கேட்பார் அரியர். கேட்கவும் இயலாது, ஒலிபெருக்கி விடாது. நோயாளர் படுத்திருக்கும் வீடு, கைக்குழந்தை உறங்கும் வீடு, மறுநாள் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் வீடு ஆகியவையும் அத்தெருவில்தான் உள்ளன. 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி முழங்குதல் ஆகாது என்று பொதுவாக வரையறுத்துள்ளன. விழாக்களை முன்னிட்டுச் சில நாள்களுக்கு அரசு விலக்கு அளித்தலும் உண்டு. அவ்விலக்கை ஆண்டு முழுவதற்கும் உரிய உரிமையாக நினைப்போர் பலர்.

ஒலியை விடக் கொடியது கவனமின்மை. 2022-ஆம் ஆண்டு ஏப்பிரல் 27-ஆம் நாள் விடியற்காலையில், தஞ்சாவூருக்கு அருகில் களிமேடு என்னும் சிற்றூரில், அப்பர் திருவிழாவில் இழுத்துச் செல்லப்பெற்ற தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டது. பதினொருவர் மாண்டனர். சிறுவரும் அவர்களுள் இருந்தனர். வீதியின் மேலே செல்லும் கம்பியை முன்னரே நோக்கி, மின்னோட்டத்தை நிறுத்திவைப்பதற்கு ஒருவர் தவறினாலும் விளையக்கூடியது இது. பெருந்தேர்கள் ஓடும் ஊர்களில் தேர்வீதிகளின் மின்னோட்டம் நிறுத்தப்பெற்று, குறுக்கே செல்லும் கம்பிகள் அகற்றப்பெறும். அப்பொழுது வீட்டில் மின்விசிறி சுழலவில்லையென்று முணுமுணுப்போர் களிமேட்டை நினைத்தல் வேண்டும். மகனைக் கூட்டத்திற்கு அனுப்ப அஞ்சிய பல்லடத்துத் தந்தையின் அச்சத்திலும் உண்மை உண்டு என்பது இதனால் விளங்கும். ஆனால் அந்த அச்சத்திற்கு மருந்து பிள்ளையைப் பூட்டி வைத்தல் அன்று. தேரைப் பாதுகாப்பாக ஓட்டுதல்.

முற்காலத்தார் விழாவை ஒழுங்கின்றி நடத்தவில்லை. மணிமேகலையின் முதற்காதை 'விழாவறை காதை' எனப் பெயர் பெறும். புகார் நகரில் இருபத்தெட்டு நாள் நிகழும் இந்திர விழாவை முரசறைவோன் யானைமேல் ஏறி ஊருக்கு அறிவிக்கிறான். தெருக்களில் பழமணல் மாற்றிப் புதுமணல் பரப்புக, தோரணம் நாட்டுக என்று சொல்லிச் செல்பவன், பகைவர் எதிர்ப்பட்டாலும் சினந்து கலகம் செய்யாமல் விலகிப் போகுமாறும் கேட்டுக்கொள்கிறான். தெருவைத் திருத்துதலும் மனத்தைத் திருத்துதலும் ஒரே அறிவிப்பில் இடம்பெற்றன.

அண்மைக் காலத்தில் கோயம்புத்தூர் முதலிய நகரங்களில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் சில சாலைகளில் ஊர்திகளை நிறுத்திவிட்டு, சிறுவரும் பெரியோரும் ஆடவும் பாடவும் பம்பரம் விடவும் இடம் தருகின்றனர். கோயிலும் இல்லை, தேரும் இல்லை. இஃதென்ன விழா என்று முதியோர் சிலர் முகம் சுளிக்கின்றனர். அவ்வாறு சுளித்தல் வேண்டா. ஆண்டு முழுவதும் சக்கரங்களுக்கு விட்டுக்கொடுத்த தெருவை ஒரு காலைப்பொழுதேனும் கால்கள் திரும்பப் பெறுகின்றன. அங்கும் பிள்ளை கையைக் கட்டி நின்று பார்த்தானா, பம்பரத்தைத் தானே சுழற்றினானா என்பதே வினா.

அவிநாசிக்கு மீள்வோம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழுந்த மாணவன் முதலில் கணக்குப் புத்தகத்தைத் திறந்து இரண்டு மணி நேரம் படித்தான். பின் குளித்து, அம்மாயியின் கையைப் பற்றிக்கொண்டு, தேர் நின்ற இடத்திற்குச் சென்றான். கைப்பேசியை அம்மாயியிடம் கொடுத்துவிட்டான். கூட்டத்தில் நுழைந்து வடத்தைப் பிடித்தான். அவனுக்கு முன்னே ஓர் உழவர். பின்னே திருப்பூரில் வேலை செய்யும் வடநாட்டு இளைஞர் ஒருவர், தமிழ் அறியாதவர். "இழு" என்னும் ஒரு சொல் அவருக்கும் விளங்கிற்று. முதல் முறை இழுத்தபோது தேர் அசையவில்லை. இரண்டாம் முறையும் அசையவில்லை. மூன்றாம் முறை, எங்கோ முன்னே எழுந்த ஒரு குரலுக்கு எல்லாரும் இசைந்து சாய்ந்தபோது, கையிலிருந்த வடம் உயிர் பெற்றதுபோல் முன்னே ஓடிற்று. அவனும் ஓடினான். தேரை அவன் அப்பொழுது பார்க்கவேயில்லை. அது முதுகுக்குப் பின்னே இருந்தது.

வளைவு ஒன்றில் தேர் நின்றது. அவன் இளைப்பாறத் திரும்பியபோது, சக்கரத்தின் அருகே குனிந்திருந்த முதியவர் ஒருவரைக் கண்டான். கட்டையைத் தரையில் ஊன்றி, அதன்மேல் கை வைத்து அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவன் மோர்ப் பந்தலுக்கு ஓடி ஒரு குவளை மோர் வாங்கி வந்து கொடுத்தான். முதியவர் குடித்துவிட்டு, "படிக்கிறாயா சாமி?" என்று கேட்டார். "ஒன்பதாவதுங்க" என்றான். அதற்குள் ஊதல் ஒலித்தது. அவர் மீண்டும் குனிந்தார்.

தேர் நிலைக்கு வந்தது. கூட்டம் கலைந்த பின் தெருவில் எஞ்சியவை நெகிழிக் குவளைகளும் மிதிபட்ட மலர்களும் கரும்புச் சக்கையுமே. தூய்மைப் பணியாளர் துடைப்பங்களோடு ஒரு மூலையிலிருந்து தொடங்கியிருந்தனர். அவர்களுக்கும் அன்று நோம்பி நாள்தான். மாணவன் தான் குடித்த குவளையைக் கீழே எறியாமல் கையிலேயே வைத்திருந்து, குப்பைத்தொட்டி கண்ட இடத்தில் இட்டான். இதனைப் பெருஞ்செயல் என்று சொல்வதற்கில்லை. ஆயிரவரும் இவ்வாறு செய்திருந்தால் அப்பணியாளர் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போயிருப்பர்.

விளக்கு வைப்பதற்குச் சற்று முன்னரே அவன் பல்லடத்தில் இறங்கினான். தந்தை வாயிலில் நின்றிருந்தார். தேரைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை, "எத்தனை கணக்குப் போட்டாய்?" என்று மட்டும் கேட்டார். அவன் சொன்ன தொகை அவருக்குப் போதுமானதாக இருந்தது போலும். தலையசைத்து உள்ளே சென்றார். மறுநாள் தேர்வில் எழுதுகோலைப் பிடித்தபோது அவனுடைய உள்ளங்கை எரிந்தது. வடம் உரசிய இடம் சிவந்து கிடந்தது.

திங்கள் இரவு, வேலை முடிந்து வந்த தாய் கைப்பேசியை எடுத்து முதல் நாளைய படங்களையெல்லாம் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே ஒரு படம் இருந்தது. அம்மாயி எடுத்தது, சாய்ந்தும் சற்று மங்கியும் இருந்தது. தேரின் உச்சி அதில் விழவில்லை. நீண்ட வடமும் அதனைப் பற்றிய கைகளுமே தெரிந்தன. "இதில் நீ எங்கே?" என்று தாயும் கேட்டார். அவன் படத்தை நெருங்கி நெடுநேரம் உற்றுப் பார்த்தான். கறுத்த கைகள், சிவந்த கைகள், நரைமயிர் படர்ந்த கைகள், வளையலிட்ட கைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றன. எது தன் கை என்று அவனால் சொல்ல இயலவில்லை.